வெஞ்சனமும் வெஞ்சினமும்
(கணிப்பொறிச் சொற்பிழை திருத்தியும் கரிசல் வட்டாரச் சொற்களும்)

கரிசல் காட்டுக் கவிஞர் ஒருவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து தம் பாட்டியைப் பற்றிக் கவிதை எழுதுகிறார் எனக் கொள்க. கும்பாவில் கம்மங்கூழ், தொட்டுக்கொள்ள வெஞ்சனம். ‘வெஞ்சனம்’ என்று தட்டச்சிட்டவுடன் அச்சொல்லின் அடியில் சிவப்பு நெளிகோடு ஒன்று ஓடுகிறது. பிழை என்பது அதன் பொருள். சரியான சொல் யாது என்று கேட்டால், பட்டியலில் உள்ளவற்றுள் எழுத்தளவில் மிக நெருங்கிய சொல்லை அது நீட்டும். ‘வெஞ்சனம்’ என்பதற்கு மிக நெருங்கிய இலக்கியச் சொல் ‘வெஞ்சினம்’. இடையே நிற்பது ஒரே ஒரு இகரக் குறி. கவிஞர் அயர்ந்த வேளையில் அதனை ஏற்றுக்கொண்டால், பாட்டி பேரனுக்குக் கூழோடு கொடுங்கோபத்தையும் சேர்த்துப் பரிமாறிவிடுகிறாள்!

இது நகைப்பதற்குரியதுதான். ஆனால் இந்நகைப்பினுள் ஓர் இழப்பு ஒளிந்திருக்கிறது. வெஞ்சினம் என்று மாறினால் பிழை கண்ணில் படும், திருத்திக்கொள்ளலாம். கவிஞர் அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டு நாணி, ‘வெஞ்சனம்’ என்பதை நீக்கிவிட்டுத் ‘தொடுகறி’ என்று எழுதினால் பிழை எவர் கண்ணிலும் படாது. கவிதை அச்சாகும், பாராட்டும் பெறும். ஒரு சொல் மட்டும் ஓசையின்றி வெளியேறியிருக்கும். இவ்வுரையின் கவலை இதுவே.

இயந்திரத்தின் இலக்கணம்

சொற்பிழை திருத்தி என்னும் கருவி புதியதன்று. 1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரால்ப் கோரின் என்பார் ‘ஸ்பெல்’ என்னும் நிரலை எழுதினார். 1995இல் வெளிவந்த வேர்டு மென்பொருளில், எழுதும்போதே பிழையைச் சுட்டும் சிவப்பு நெளிகோடு இடம்பெற்றது. இன்று கடிதம் எழுதும் பெட்டி, உலாவியில் படிவம் நிரப்பும் கட்டம், செய்தி அனுப்பும் செயலி என எழுத்துப் புகும் இடங்களில் எல்லாம் அக்கோடு காத்திருக்கிறது.

அது செய்யும் வேலை எளியது. எழுதியதைச் சொல் சொல்லாகப் பிரிக்கும். ஒவ்வொன்றையும் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இருந்தால் விட்டுவிடும், இல்லையெனில் கோடிடும். ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றியும் பார்த்து, நெருங்கிய சொற்களைப் பரிந்துரைக்கும். சொல்லின் பொருளோ, அதனைப் பேசுவோரின் ஊரோ அதற்குத் தெரியாது. எனவே அக்கோட்டின் உண்மைப் பொருள் ‘இது பிழை’ என்பதன்று. ‘இது என் பட்டியலில் இல்லை’ என்பதே. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு கடலினும் பெரிது. எழுதுவோரில் பலர் முதற்பொருளையே கொள்கின்றனர் என்பதுதான் சிக்கல்.

தமிழுக்கு இக்கருவி வந்து சேரக் காலம் பிடித்தது. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரை மற்றொன்றில் வெறும் கிறுக்கலாகத் தோன்றும். அந்நிலையில் பொதுச் சொற்பட்டியலுக்கு இடமேது? 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு இக்குழப்பத்தைக் களைய முயன்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதன்பின் பாதை சீராயிற்று. பேராசிரியர் ந. தெய்வ சுந்தரத்தின் ‘மென்தமிழ்’ச் சொல்லாளரும், நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’, ‘நாவி’ ஆகிய திருத்திகளும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. இவர்தம் உழைப்பைக் குறைகூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. பொதுத்தமிழுக்கு அமைத்த கருவி பொதுத்தமிழையே அறியும், அஃது இயல்பு. எஞ்சியதை அறிவிக்க வேண்டியவர்கள் அச்சொற்களுக்கு உரியவர்களே.

திசைச்சொல்லும் மரூஉவும்

இலக்கண ஆசிரியர்கள் இப்பொறியைக் காட்டிலும் பரந்த உள்ளம் கொண்டிருந்தனர். தொல்காப்பியர் செய்யுள் செய்வதற்குரிய சொற்களை நான்காகப் பகுத்தபோது, இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் வைத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் வழக்குக்கும் செய்யுளில் இடமுண்டு என்பது அவர் முடிபு. நன்னூலாரோ மரூஉ மொழியை இயல்பு வழக்கின் மூன்று வகையுள் ஒன்றாகவே எண்ணினார். இலக்கண நெறியினின்று மருவி வரினும் தொன்றுதொட்டு வழங்குவதால் அது வழு ஆகாது.

இந்த அளவுகோலைக் கொண்டு கரிசல் சொற்களை நோக்க வேண்டும். கண்மாய், கம்மாய் ஆயிற்று. மண்வெட்டி, மம்பட்டி ஆயிற்று. வியஞ்சனம், வெஞ்சனம் ஆயிற்று. வெள்ளென விடியும் பொழுது ‘வெள்ளன’ என நின்றது. இவை எல்லாம் மரூஉ. தொழு, படப்பு, பொழி, ஏனம், கருக்கல் போன்றவை மருவக்கூட இல்லை. பழந்தமிழ்ச் சொற்களாகவே இன்றும் நிற்கின்றன.

‘அயத்துப்போச்சு’ என்பது இவ்வட்டாரத்தில் மறந்துவிட்டது என்னும் பொருளில் வழங்குவது. நகரத்துக் காதுக்கு அது கொச்சை. ஆயின் ‘அயர்த்தல்’ என்பதற்கு மறத்தல் என்னும் பொருள் அகராதியிலேயே உண்டு. பொதுவழக்கு அயர்த்துவிட்ட அயர்ப்பைக் கரிசல் வழக்கு அயர்க்கவில்லை. பொறி அதன் அடியில் சிவப்புக் கோடிடும்போது, தமிழின் பழமை ஒன்றின் அடியிலேயே கோடிடுகிறது என்பது எண்ணத்தக்கது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் பின்னிணைப்பும் நிறைவுற்றது. இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பேரகராதி பல சொற்களுக்கு ‘வட்டார வழக்கு’ என்றும் ‘திருநெல்வேலி வழக்கு’ என்றும் குறிப்பிட்டிருக்கிறது. அன்றைய அறிஞர்கள் திசைச்சொல்லைக் கண்டவிடத்து அதன் ஊரைக் கேட்டு எழுதினர். இன்றைய பொறி ஊரைக் கேட்பதில்லை.

இடைசெவல் தந்த அகராதி

பொறிக்கு முன்பே இவ்வூரார் ஒருவர் விடை தந்துவிட்டார் என்பதே இம்மண்ணின் பெருமை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளிக்கொணர்ந்தார். பல்கலைக்கழகத் துறையின் துணையோ பெரும் நிதியோ இன்றி, ஓர் எழுத்தாளர் நண்பர்களின் உதவியோடு தம் மக்களின் சொற்களைத் திரட்டிய அப்பணி தமிழில் முன்னோடிப் பணியாகும். அவ்வழியைப் பின்பற்றிப் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு 2000இலும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கு 2007இலும் அகராதி தந்தனர். நாஞ்சில் வட்டாரத்துக்கு அ. கா. பெருமாள் தந்தார்.

ஏட்டுக் கல்வி மிகுதியும் பெறாத கி.ரா. பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர் ஆனார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 2021 மே 17இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் நிகழ்ந்தது. ஆயினும் அவர் தொகுத்த சொற்கள் தாளில் இருக்கின்றன, பொறிக்குள் இல்லை. நூலகத்தில் மதிப்புப் பெற்ற சொல் தட்டச்சுத் திரையில் குற்றவாளியாக நிற்கிறது.

கி.ரா.வோடு அவ்வகராதியின் தேவை முடிந்துவிடவில்லை. அதே இடைசெவலின் கு. அழகிரிசாமி, பூமணி, சோ. தர்மன் ஆகியோரின் எழுத்துகளை ஒருமுறை இந்தத் திருத்தியின் வழியே செலுத்திப் பார்க்கலாம். பூமணியின் ‘அஞ்ஞாடி’ 2014இலும், சோ. தர்மனின் ‘சூல்’ 2019இலும் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவை. பரிசு பெற்ற பக்கங்களும் பொறியின் கண்ணுக்குப் பிழை மலிந்தனவே. திருத்தி சொன்னபடி எழுதியிருந்தால் அந்நாவல்கள் பிறந்தே இரா.

தன்னகராதி என்னும் வாயில்

இதற்கு மாற்று வழி கருவிக்குள்ளேயே இருக்கிறது. கோடிட்ட சொல்லின் மீது வலப்பொத்தானை அழுத்தினால் ‘அகராதியில் சேர்’ என்னும் கட்டளை தோன்றும். அதனைத் தேர்ந்தால் அச்சொல் பயனரின் தன்னகராதியில் சேரும். மறுமுறை கோடு வாராது. இத்தன்னகராதி மாயப் பொருளன்று. வரிக்கு ஒரு சொல்லாக எழுதிய எளிய உரைக்கோப்பே அது. வேர்டு மென்பொருளில் அத்தகைய கோப்புகள் பலவற்றை இணைத்துக்கொள்ளவும், வேண்டாதபோது நீக்கவும் இயலும். கவிதைக்கு ஒன்று, அலுவலகக் கடிதத்துக்கு மற்றொன்று எனப் பிரித்தும் வைக்கலாம்.

எளிதாகத் தோன்றும் இவ்வாயிலில் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, அகராதிகள் ஒன்றையொன்று அறிவதில்லை. வேர்டில் சேர்த்த ‘கம்மாய்’ லிப்ரே ஆபிசுக்குத் தெரியாது. அங்குச் சேர்த்தது உலாவிக்குத் தெரியாது. பயர்பாக்சு உலாவி தனக்கென ஒரு கோப்பு வைத்திருக்கிறது. விண்டோசு இயங்குதளம் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது. ஒரே மேசையில், ஒரே பொறியில், ஒரே சொல்லை நான்கு முறை அறிமுகம் செய்ய வேண்டும். நான்காம் முறையில் மனிதன் சலிப்பான், சொல் தோற்கும். பொறி பழுதானால் சேர்த்ததும் மறையும்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது பொறிக்கு இரண்டாகலாம். ஒகரத்தையடுத்து ளகரம் தட்டினாலும் ‘ஔ’ போலவே தோன்றும். துணைக்காலுக்கு மாறாக ரகரம் விழுந்தாலும் சில எழுத்துருக்களில் வேற்றுமை புலனாகாது. அப்படி ஒருவர் தவறாகத் தட்டிய சொல்லை அகராதியில் சேர்த்துவிட்டால், பின்னர்ச் சரியாக எழுதும்போது கோடு விழும். தவறாக எழுதும்போது விழாது!

மூன்றாவது தடையே பெரிது. அதனைத் தனியே நோக்க வேண்டும்.

ஒரு சொல்லும் அதன் உருவங்களும்

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்தால் அதன் பன்மையையும் உடைமை வடிவத்தையும் சேர்ப்பதோடு வேலை முடிகிறது. தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘கம்மாய்’ என ஒன்றைச் சேர்த்தால் அது மட்டுமே சேரும். கம்மாயை, கம்மாயில், கம்மாய்க்கு, கம்மாயிலிருந்து, கம்மாயும், கம்மாயாவது, கம்மாய்களில் என வரும் ஒவ்வொன்றுக்கும் மீண்டும் கோடு விழும். ‘கம்மாய்த் தண்ணீர்’ என்று எழுதினால் சந்தியில் மிகுந்த தகர ஒற்றும் ஒரு புதிய சொல்லாகவே பொறிக்குத் தோன்றும். ஒரு சொல்லுக்கு இத்தனை என்றால், வினைச்சொல்லின் காலமும் இடமும் எண்ணும் ஏற்று வரும் உருவங்களை எண்ணி மாளாது.

இத்துன்பம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் அங்கேரிய மொழியும் ஒட்டுநிலை மொழியே. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைத்த திருத்திகள் தம் மொழிக்குப் போதாமை கண்டு, லாஸ்லோ நேமெத் என்னும் அங்கேரியர் ‘ஹன்ஸ்பெல்’ என்னும் திருத்தியை உருவாக்கினார். அடிச்சொற்கள் ஒரு கோப்பிலும், அவை ஏற்கும் ஒட்டுகளின் விதிகள் மற்றொரு கோப்பிலும் இருக்கும். ஒரு சிறுமொழியினர் தம் தேவைக்குச் செய்த அக்கருவி இன்று லிப்ரே ஆபிசிலும் பயர்பாக்சிலும் உலகெங்கும் இயங்குகிறது. இல்லாமை கண்டு நோகாமல் தமக்கு வேண்டியதைத் தாமே செய்தோர், பிறர்க்கும் உதவினர் என்பது இலக்கிய வட்டங்கள் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

அக்கருவியில் ஓர் அரிய வசதி உண்டு. புதிய சொல்லைச் சேர்க்கும்போது, அதன் அருகே முன்பே அறிந்த மாதிரிச் சொல் ஒன்றைச் சுட்டலாம். மாதிரிச் சொல் எவ்வாறு உருபேற்கிறதோ அவ்வாறே புதிய சொல்லும் உருபேற்கும். 2018இல் வெளிவந்த லிப்ரே ஆபிசு ஆறாம் பதிப்பில் இதற்கெனத் தனிக் கட்டமே தரப்பட்டது. அடிப்படைப் பட்டியலில் மாதிரிச் சொல்லுக்கு ஒட்டு விதிகள் அமைந்திருந்தால் இம்முறை பலன் தரும்.

தமிழ் படித்தவர்க்கு இது புதுமையா? வாய்பாடு என்பது இதுவன்றோ! வினைப்பகுதிகள் அனைத்தையும் பட்டியலிட முனையாமல், நட, வா முதலாக 23 வாய்பாடுகளைத் தந்து அவற்றுள் அடக்கிக் காட்டினார் பவணந்தியார். பொறியாளர் இன்று கண்ட வழியை அவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சூத்திரத்தில் அமைத்துவிட்டார். அந்நெறியில் கரிசல் சொற்களுக்கும் வாய்பாடு வகுப்பது எளிது. கம்மாய்க்கு மாதிரி பாய். சம்சாரிக்கு மாதிரி அதிகாரி. வெஞ்சனத்துக்கு மாதிரி மரம். படப்புக்கு மாதிரி அடுப்பு. மம்பட்டிக்கு மாதிரி பெட்டி. கும்பாவுக்கு மாதிரி நிலா. இவற்றைச் சொல்லப் பொறியியல் வேண்டா. பள்ளித் தமிழ் போதும்.

சேர்க்கத் தகாதன

இனி மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். கோடு கண்ட இடமெல்லாம் ‘சேர்’ என்று அழுத்துவதும் தீங்கே. ஒருமுறை சேர்த்த பிழை அதன்பின் பிழையாகத் தோன்றாது, நிலைபெற்றுவிடும். ‘முயற்ச்சி’ என்பதை அவசரத்தில் சேர்த்தவர் வாழ்நாள் முழுதும் அவ்வாறே எழுதுவார், பொறியும் தலையசைக்கும். வட்டார வழக்கு வேறு, எழுத்துப்பிழை வேறு. முன்னதற்குப் பேசும் மக்கள் சான்று. பின்னதற்குச் சான்று ஏதுமில்லை.

பட்டியல் பெருகப் பெருகத் திருத்தியின் கூர்மை மழுங்கும் என்பதும் உண்மை. ‘வெள்ளன’ என்பதைச் சேர்த்தால், ‘வெள்ளென’ என எழுத எண்ணித் தவறியவரின் பிழையும் மறையும். இத்தகைய மறைவு பொதுத்தமிழிலும் உண்டு. எண்ணெய் என்பதை ‘எண்ணை’ என்று எழுதினால் திருத்தி வாளாவிருக்கும். எண் என்னும் சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்று எண்ணை என வருமாதலின். கரையும் கறையும், அரமும் அறமும் இடம் மாறினும் பொறி அறியாது. ஆதலின் திருத்தி கோடிடாதது எல்லாம் சரியென்றும் கொள்ளற்க. பொறி ஒரு காவலாளி, தீர்ப்பளிப்பவர் எழுதுவோரே.

வட்டத்தின் முன் உள்ள பணி

கோவில்பட்டியில் 1901இல் தொடங்கப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களை ஆய்ந்து வருகிறது. கரிசலின் பருத்தியும் சோளமும் அங்கு ஆய்வுக்கு உள்ளாயின. அங்கிருந்து வெளியாகும் பயிர் வகைகளுக்கு ஊரின் முதலெழுத்தாகிய ‘கே’ முன்னே நிற்கும். விதைக்கு ஊர்ப்பெயர் இட்டுப் போற்றிய ஊர் இது. சொல்லுக்கும் அதனைச் செய்ய இயலாதா?

இலக்கிய வட்டம் ஒரு பொதுச் சொற்பட்டியலை உருவாக்கலாம். அதற்குச் சில நெறிகள் போதும்.

ஒன்று: உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கவிதைகளில் சிவப்புக் கோடு பெற்ற வட்டாரச் சொற்களை நீக்காமல் ஓர் ஏட்டில் குறிக்க வேண்டும். கோடே இங்குத் தொகுப்பாளர் ஆகிறது. இதுகாறும் அகராதி தொகுத்தோர் சொல்லைத் தேடி அலைந்தனர். பொறியோ எந்தச் சொல் பட்டியலில் இல்லை என்பதைத் தானே சுட்டிக்காட்டுகிறது.

இரண்டு: குறித்த சொல் குறைந்தது இரண்டு ஊர்களில் வழங்குவதை உறுதிசெய்ய வேண்டும். பொருள், வழங்கும் ஊர், தொழில் ஆகியவற்றை எழுதுதல் நன்று. உழவுச் சொல், ஆட்டுக்கிடைச் சொல், தீப்பெட்டித் தொழிற்சொல், சமையற் சொல் எனப் பகுக்கலாம்.

மூன்று: ஒவ்வொரு சொல்லுக்கும் மாதிரிச் சொல் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

நான்கு: இடைசெவல், உருளைகுடி, இளையரசனேந்தல், நாலாட்டின்புத்தூர், கழுகுமலை, கயத்தாறு முதலிய ஊர்ப்பெயர்களையும் சேர்க்க வேண்டும். சொந்த ஊரின் பெயர் பிழையென்று கோடிடப்படுவதைக் காட்டிலும் கவிஞனுக்கு வேறு சிறுமை வேண்டுமா?

ஐந்து: பட்டியலை ஒருங்குறியில், எளிய உரைக்கோப்பாக வைத்து, ஈரிடங்களில் படியெடுத்துக் காக்க வேண்டும். வேர்டுக்கும் லிப்ரே ஆபிசுக்கும் உலாவிக்கும் அதே கோப்பிலிருந்து சொற்களை வழங்கலாம். முன்பே அச்சான அகராதிகளிலிருந்து எடுப்பதாயின் உரிமையாளரின் இசைவு பெறுதல் முறை.

சொற்களின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நூறு சொற்களோடு தொடங்கினாலும் அந்நூறும் பிழையென்னும் பழியினின்று நீங்கும்.

நிறைவாக

கரிசல் மண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒன்றும் முளையாது என்றே வழிப்போக்கர் கருதுவர். உழவு மழை ஒரு பாட்டம் பெய்தால் அவ்வெடிப்புகளே நீரை ஆழத்துக்கு இழுத்து வைக்கும். அம்மண்ணின் சொற்களும் அத்தகையன. எட்டயபுரத்துப் பாரதி பிறந்த இந்நிலத்தில் சொல்லுக்குப் பஞ்சம் ஏற்பட்டதில்லை. பஞ்சம் ஏற்படுமாயின் அது வானத்தால் வருவதன்று. எழுதுவோரின் கூச்சத்தால் வருவது.

அடுத்த முறை சிவப்புக் கோடு தோன்றும்போது, கவிஞர் பெருமக்கள் ஒரு நொடி கை நிறுத்துதல் வேண்டும். கோட்டின் மேல் நிற்பது பிழையா, பாட்டியா என்று பார்த்தல் வேண்டும். பிழையாயின் திருத்துக. பாட்டியாயின், பொறிக்கு அவளை அறிமுகம் செய்து வைக்க. கூழுக்கு வெஞ்சனம் வெஞ்சனமாகவே இருக்கட்டும்.